எச்.ஐ.வி. நச்சுயிரியின் உடற்கூறு: அறிந்த வரலாறும் கைக்கு எட்டிய வரலாறும்

முன்னுரை

எய்ட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இன்று யாரும் இல்லை. ஆனால் அதை உண்டாக்கும் எச்.ஐ.வி. நச்சுயிரி எப்படி இருக்கும், அதன் உடம்பில் என்னென்ன உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை, அவற்றை யார், எந்த ஆண்டில் கண்டார்கள் என்று கேட்டால் படித்தவர்களே கொஞ்சம் தயங்குவார்கள். சங்க மலரில் வழக்கமாகக் கல்வெட்டும் காப்பியமும் பற்றி எழுதுகிறோம். இந்த நச்சுயிரியின் வரலாறும் நம் காலத்தில், நம் கண்முன் நடந்த வரலாறுதானே! அதனால் இம்முறை இதை எடுத்துக்கொண்டேன்.

ஓரறிவு உயிர்கள், கண்ணுக்குத் தெரியாத நிகோத உயிர்கள் என்றெல்லாம் எங்கள் சமண நூல்கள் பேசுகின்றன. அதை வைத்து, "நச்சுயிரியை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று சில நண்பர்கள் மேடையில் சொல்வதுண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிகோதம் வேறு, நச்சுயிரி வேறு. சமண நூல்களிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளத் தக்கது அனேகாந்தம் என்ற கொள்கை. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் நின்று பார்த்தவர் முழுவதையும் கண்டதாகச் சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். எச்.ஐ.வி.யின் உடற்கூற்றை முழுதாக ஒருவரும் ஒரே நாளில் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக நாற்பது ஆண்டு தடவித் தடவித்தான் யானை முழு வடிவுக்கு வந்தது.

இதில் இரண்டு வரலாறுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, நச்சுயிரியின் புரதங்களை ஒவ்வொன்றாக அறிந்த வரலாறு. மற்றது, அந்த அறிவு மருந்தாகி, மருந்து சாதாரண மனிதன் கைக்கு எட்டிய வரலாறு. முன்னதை விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். நான் வியாபாரி, பின்னதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

1. நோய் முதலில், நச்சுயிரி பிறகு

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு வார ஏடு ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு, சாதாரணமாக யாருக்கும் வராத ஒருவகை நுரையீரல் அழற்சி வந்திருக்கிறது என்பதே செய்தி. ஐவருக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அற்றுப் போயிருந்தது. 1982-இல் இந்நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயர் வந்தது. காரணம் என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

1983 ஜனவரி முதல் வாரத்தில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக் கூடத்துக்கு ஒரு நோயாளியின் நிணநீர் முடிச்சுத் துண்டு வந்து சேர்ந்தது. லூக் மாண்டக்னியர் குழுவில் இருந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்ற அம்மையார் அந்த அணுக்களை வளர்த்துச் சோதித்தார். அவர் தேடியது நச்சுயிரியை அன்று, அதன் ஒரு நொதியை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்பது அதன் பெயர். சுருக்கமாக ஆர்.டி. என்போம். சில வாரங்களில் அந்த நொதி வேலை செய்வது தெரிந்தது. பிப்ரவரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நச்சுயிரியின் உருவமும் தெரிந்தது. ஆக, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவன் கையெழுத்தை வைத்து அடையாளம் கண்டுவிட்டார்கள்.

அந்த நொதியைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றியது? அதற்கும் ஒரு முன்கதை உண்டு. உயிர்களில் டி.என்.ஏ. என்ற மூலச் சுவடியிலிருந்துதான் ஆர்.என்.ஏ. என்ற படி எடுக்கப்படும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1970-இல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் இருவரும் தனித்தனியே, சில நச்சுயிரிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை எழுதுகின்றன என்று காட்டினார்கள். அதைச் செய்யும் நொதிதான் ஆர்.டி. 1975-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எய்ட்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில் செய்த ஆராய்ச்சி அது. பதின்மூன்று வருஷம் கழித்துக் கை கொடுத்தது.

1984-இல் அமெரிக்காவின் ராபர்ட் காலோ குழுவும், சான் பிரான்சிஸ்கோவில் ஜே லெவி குழுவும் இதே நச்சுயிரியை வேறு வேறு பெயரில் அறிவித்தன. யார் முதல், சோதனைக் கருவியின் வருமானம் யாருக்கு என்று பெரிய வழக்கே நடந்தது. 1986-இல் எச்.ஐ.வி. என்ற பொதுப் பெயரை வைத்தார்கள். 1987-இல் இரு நாட்டுத் தலைவர்களும் ரீகனும் சிராக்கும் முன்னின்று சமரசம் செய்துவைத்தார்கள். 2008-இல் நோபல் பரிசு பாரே-சினூசிக்கும் மாண்டக்னியருக்கும் போயிற்று.

2. சென்னையில் கண்ட ஆறு

1985-இல் எலைசா என்ற இரத்தச் சோதனை புழக்கத்துக்கு வந்தது. அது நச்சுயிரியைத் தேடவில்லை. நச்சுயிரியின் புரதங்களுக்கு எதிராக நம் உடம்பு செய்துகொண்ட எதிர்ப்பொருளைத் தேடியது. புரதம் தெரிந்ததால்தான் சோதனை பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் அப்போது, "இது மேல்நாட்டு நோய், நம்மிடம் வராது" என்றுதான் பேச்சு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரி சேகரித்தார். எலைசா வசதி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986-இல் அங்கே கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழகச் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே இதை அறிவித்தார்.

சுனிதி அம்மையார் சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த மராட்டியக் குடும்பத்துப் பெண். மராட்டியத்தில் பிழைக்க வந்த தமிழர்களாகிய நாம், தமிழகத்தில் பிறந்து வளர்ந்த இந்த மராட்டியப் பெண்மணியை நன்றியோடு நினைக்க வேண்டும். 1993-இல் தம் தந்தையார் பெயரில் ஒய்.ஆர்.ஜி. மையத்தைத் தொடங்கி, மற்றவர்கள் தொடவே அஞ்சிய நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 2015-இல் காலமானார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

3. நச்சுயிரியின் உடம்பு

இனி உடற்கூற்றுக்கு வருவோம். எச்.ஐ.வி. ஓர் உருண்டை. குறுக்களவு சுமார் 120 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் எட்டாயிரம் நச்சுயிரிகளை வரிசையாக நிறுத்திவைக்கலாம்.

வெளியே இருப்பது கொழுப்புப் படலம். இது அதன் சொந்தச் சரக்கு அன்று. எந்த அணுவிலிருந்து வெளிவந்ததோ அந்த அணுவின் தோலையே கிழித்துப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்தப் போர்வையில் முளைகள் போலச் சில புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். முளையின் தலை ஜிபி120, தண்டு ஜிபி41. மும்மூன்று சேர்ந்து ஒரு முளை. ஒரு நச்சுயிரியில் சராசரியாகப் பதினான்கு முளைகள்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போர்வையின் உட்புறம் பி17 என்ற புரதம் அஸ்தர் போலப் படிந்திருக்கும். நடுவே கூம்பு வடிவில் ஒரு பெட்டி. அதன் பெயர் கேப்சிட். பி24 என்ற புரதத்தால் ஆனது. பெட்டிக்குள்ளே ஆர்.என்.ஏ. இழைகள் இரண்டு, அவற்றைச் சுற்றிப் பி7 என்ற புரதம், கூடவே வேலைக்கார நொதிகள். அவ்வளவுதான் உடம்பு.

1985 ஜனவரியில் இதன் மரபுச் சுவடி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்து. மனிதனின் சுவடியில் சுமார் 300 கோடி எழுத்து இருக்கிறது. ஒன்பது மரபணுக்கள், அவற்றிலிருந்து பதினைந்து புரதங்கள். இத்தனை சின்ன முதலில் இத்தனை பெரிய நாசம்!

இதன் சிக்கனத்தைப் பார்த்தால் எந்த வியாபாரியும் வாயடைத்துப் போவான். புரதங்களைத் தனித்தனியே செய்வதில்லை. பி17, பி24, பி7 எல்லாம் காக் என்ற ஒரே நீளக் கயிறாக உருவாகும். நொதிகளும் சேர்ந்த கயிறு காக்-பால். ஒரே ஆர்.என்.ஏ.யைப் படிக்கும்போது, சுமார் இருபது தடவைக்கு ஒரு தடவை படிப்பு ஓர் எழுத்து பின்னால் சறுக்கும். சறுக்கினால் காக்-பால், சறுக்காவிட்டால் காக். கட்டுமானப் புரதம் நிறைய வேண்டும், நொதி கொஞ்சம் போதும் அல்லவா? இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் கணக்காக வந்துவிடுகிறது. கயிறுகள் கூடி நச்சுயிரி வெளியே வந்த பிறகு, புரோட்டியேஸ் என்ற நொதி கத்தரிக்கோல் போலக் கயிற்றை வெட்டித் துண்டு துண்டாக்கும். அப்போதுதான் கூம்புப் பெட்டி உருவாகும். நச்சுயிரிக்குத் தொற்றும் ஆற்றல் வரும்.

4. புரதம் அறிந்தார், மருந்து கண்டார்

ஆர்.டி. நொதி. முதலில் அறிந்த புரதம் இது. முதல் மருந்தும் இதற்கே. ஜிடோவுடின் எனப்படும் ஏ.இசட்.டி. மருந்தை 1964-லேயே ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்கென்று செய்து, பயன்படாமல் மூலையில் போட்டிருந்தார். அது டி.என்.ஏ.யின் ஓர் எழுத்தைப் போலவே இருக்கும் போலி எழுத்து. ஆர்.டி. ஏமாந்து அதை எடுத்துக் கோத்தால், அடுத்த எழுத்தை மாட்டக் கொக்கி இருக்காது. வேலை அங்கேயே நின்றுவிடும். 1987 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆர்.டி.க்குப் பிழை திருத்தும் பழக்கம் இல்லை. ஏடு பெயர்த்து எழுதும் கைகள் பிழை செய்வதால் பாடபேதம் பிறப்பதை நாம் அறிவோம். இங்கும் அப்படித்தான். பிழையான படிகளில் சில, மருந்துக்கு அடங்காத வகையாக அமைந்துவிடுகின்றன. 1989-லேயே ஏ.இசட்.டி.க்கு அடங்காத நச்சுயிரிகளைக் கண்டுவிட்டார்கள். ஒரு மருந்து போதாது, ஒரே நேரத்தில் பல பக்கம் அடிக்க வேண்டும் என்ற பாடம் இங்கே பிறந்தது.

1992-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு ஆர்.டி.யின் வடிவத்தை எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழியே கண்டது. விரல், உள்ளங்கை, கட்டைவிரல் என்று வலக்கை போலவே இருந்தது. நெவிராபின் என்ற மருந்து அந்தக் கையின் எந்த மூலையில் போய் ஒட்டுகிறது என்பதும் அதில் தெரிந்தது. இந்த ஸ்டைட்ஸ்தான் பின்னர் 2009-இல், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனோடு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அது ரைபோசோம் ஆராய்ச்சிக்காக.

புரோட்டியேஸ். வடிவத்தைப் பார்த்து மருந்து செய்வது என்றால் என்ன என்பதற்கு இதுவே சிறந்த சான்று. தலா 99 அமினோ அமிலம் கொண்ட இரண்டு ஒரே மாதிரிச் சங்கிலிகள் கைகோத்து நிற்கும். நடுவில் கயிறு நுழைய ஒரு சந்து, மேலே இரண்டு கதவு. 1988-இல், இந்தக் கத்தரியைக் கெடுத்துவிட்டால் பிறக்கும் நச்சுயிரி மலடு என்று காட்டினார்கள். 1989 பிப்ரவரியில் மெர்க் கம்பெனி ஆய்வாளர்கள் வடிவத்தை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அலெக்சாண்டர் விலோதாவர் குழு அதை இன்னும் திருத்தமாகக் கண்டது. இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய ரெனின் என்ற மனித நொதியும் இதே குடும்பம். அதைத் தடுக்க மருந்து தேடிய அனுபவம் கம்பெனிகளிடம் ஏற்கெனவே இருந்தது. எனவே வேலை விரைவாக நடந்தது. 1995 டிசம்பரில் சாக்வினாவிர், 1996 மார்ச்சில் ரிடோனாவிர், இண்டினாவிர் என்று வரிசையாக வந்தன.

இங்கே ஒரு தமிழகச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் அதற்குப் பெயர். எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். நம் கட்டுரைப் புரதங்களும் அந்த உரைகல்லில் தேறியவைதாம்.

முளைப் புரதங்கள். நம் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்திக்குத் தலைமை தாங்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் மேல் சி.டி.4 என்ற புரதம் உண்டு. ஜிபி120 பற்றிக்கொள்வது அதைத்தான் என்று 1984-இல் தெரிந்தது. இரண்டாவது கைப்பிடி ஒன்றும் வேண்டும், அது பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்று 1996-இல் தெரிந்தது. பிறவியிலேயே இந்தக் கைப்பிடி இல்லாத சிலர் ஐரோப்பியரில் உண்டு. அவர்களுக்குப் பொதுவாக இந்நோய் தொற்றுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜையை 2007-இல் பெர்லினில் டிமோதி பிரவுன் என்பவருக்கு, அவருடைய இரத்தப் புற்றுநோய்க்காக மாற்றிவைத்தபோது எச்.ஐ.வி.யும் மறைந்தது. முழுக் குணம் கண்ட முதல் மனிதர் அவர். ஆனால் உயிரைப் பணயம் வைக்கும் அந்தச் சிகிச்சை எல்லார்க்கும் ஆகாது.

1998-இல் பீட்டர் குவாங், வேய்ன் ஹென்றிக்சன் முதலியோர் ஜிபி120-இன் நடுப்பகுதி வடிவத்தைக் கண்டார்கள். தடுப்பூசி ஏன் இன்னும் கைகூடவில்லை என்பதற்கும் விடை அதில் இருந்தது. இந்தப் புரதத்தின் எடையில் பாதியளவு சர்க்கரைப் பொருள். நம் உடம்பும் அதே சர்க்கரையைப் பயன்படுத்துவதால், எதிர்ப்பொருள்களுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. ஓயாமல் உருவம் மாறுவது வேறு. அடியார் வேடத்தில் வந்து மெய்ப்பொருள் நாயனாரைக் கொன்ற முத்தநாதன் கதை எனக்கு நினைவுக்கு வரும்.

இன்டெக்ரேஸ். ஆர்.டி. எழுதிய டி.என்.ஏ.யைக் கொண்டுபோய் மனித அணுவின் சொந்த டி.என்.ஏ.யில் தைத்துவிடும் நொதி இது. எச்.ஐ.வி.யை அடியோடு ஒழிக்க முடியாமல் இருப்பதற்கு இந்தத் தையல்தான் காரணம். நம் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு கள்ளப் பக்கத்தைச் சேர்த்துத் தைத்தது போல. 1994-இல் இதன் மையப்பகுதி வடிவம் தெரிந்தது. 2007-இல் ரால்டிகிராவிர், 2013-இல் டோலுடிகிராவிர் என்ற மருந்துகள் வந்தன.

சின்னப் புரதங்கள். டாட், ரெவ் இரண்டும் உற்பத்தியை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளைகள். விஃப், விபியூ, நெஃப், விபிஆர் நான்கையும் பல ஆண்டு "உதிரி" என்றே ஒதுக்கிவைத்தார்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு செய்தி வந்தது. சிட்னியில் ஒரே நபர் தந்த இரத்தத்தால் தொற்றுக்கு ஆளான சிலருக்குப் பல ஆண்டு ஆகியும் நோய் முற்றவில்லை. காரணம், அந்த நச்சுயிரியில் நெஃப் சிதைந்திருந்தது. 2002-இல் மைக்கேல் மாலிம் குழு இன்னொன்றைக் கண்டது. நச்சுயிரியின் சுவடியைக் குலைக்க நம் அணுவிலேயே ஒரு காவற்புரதம் இருக்கிறது. அதை அழிக்கத்தான் விஃப் வேலை செய்கிறது. புது நச்சுயிரிகளை வெளியே விடாமல் கட்டிப்போடும் இன்னொரு காவற்புரதத்தை விபியூ அறுத்துவிடுகிறது என்று 2008-இல் தெரிந்தது. ஒன்பதாயிரம் எழுத்துக்குள் குடித்தனம் நடத்தும் உயிரியிடம் உதிரி என்று ஒன்று இருக்குமா?

கேப்சிட். வெறும் பெட்டி என்று கடைசி வரை அலட்சியமாக இருந்தது இதைப் பற்றித்தான். 1999-இல் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் குழுவினர், இந்தக் கூம்பு அறுகோணங்களால் பின்னப்பட்டது, மூடுவதற்கு மட்டும் ஐங்கோணங்கள் சேர்கின்றன என்றார்கள். ஐங்கோணம் சரியாகப் பன்னிரண்டு. கால்பந்தில் இருப்பதும் பன்னிரண்டுதான், கணிதம் ஒன்றே. பந்தில் அவை சமமாகப் பரவியிருக்கும். கூம்பில் அகன்ற முனையில் ஏழு, குறுகிய முனையில் ஐந்து. அறுகோணங்கள் ஏறக்குறைய 250. 2013-இல் பெய்ஜுன் ஜாங், கிளாஸ் ஷுல்டன் முதலியோர் கணிப்பொறியில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட அணுக்களைக் கணக்கிட்டு முழுக் கூம்பையும் வரைந்து காட்டினார்கள். அணுவுக்குள் நுழைந்ததுமே பெட்டி உடைந்துவிடும் என்று அதுவரை பாடம். 2020, 2021 ஆய்வுகளில் பெட்டி உடையாமல் அணுவின் உட்கரு வரை போவதைக் கண்டார்கள். எனவே அந்தப் பெட்டி சரியான இறுக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த இறுக்கத்தைக் கெடுப்பதுதான் லெனாகாபாவிர் என்ற மருந்து. 2022-இல் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்கு இதைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தபோது அவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. தடுப்பூசி செய்ய முடியாத வேலையை, ஒதுக்கப்பட்ட பெட்டியைப் பற்றிய அறிவு செய்தது.

5. விலையின் கணக்கு

1996-இல் வான்கூவர் மாநாட்டில் மூன்று மருந்துச் சேர்க்கையின் வெற்றியை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தச் சேர்க்கையின் விலை ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர். 1998 மாற்று மதிப்பில் நாலு லட்சம் ரூபாய்க்கு மேல்.

மஸ்ஜித் பந்தரில் எங்கள் கடைக்கு நாமக்கல் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு 1997-இல் இந்நோய் என்று தெரிந்தது. நல்ல உழைப்பாளி, கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். செய்தி பரவியதும் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்கென்று தனித் தட்டு வைத்தார்கள். "அண்ணாச்சி, மருந்து இருக்குதாமே, எம்புட்டு ஆகும்?" என்று என்னிடம் கேட்டார். விசாரித்துச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. 1999-இல் சொந்த ஊரில் இறந்துபோனார். ஆர்.டி.யின் வடிவம் தெரிந்து ஏழு வருஷம், புரோட்டியேஸின் வடிவம் தெரிந்து பத்து வருஷம் ஆன பிறகு நிகழ்ந்த சாவு அது. அறிவு இருந்தது, அவர் கைக்கு எட்டவில்லை.

அந்த இடைவெளியை அடைத்ததில் நம் மும்பைக்குப் பங்கு உண்டு. 1970-இல் நிறைவேறிய இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துகளில் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டும் தந்தது. வேறு செய்முறையில் அதே மருந்தை இங்கே யாரும் செய்யலாம். 2001 பிப்ரவரியில் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீது, மூன்று மருந்துச் சேர்க்கையை எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. நம் பணத்தில் ஆண்டுக்குச் சுமார் 16,000 ரூபாய். மூன்றையும் ஒரே மாத்திரையாகவும் செய்தார்கள். வெளிநாட்டில் மூன்று மருந்துக்கும் மூன்று கம்பெனி உரிமையாளர். ஒன்றாகச் சேர்க்க விடமாட்டார்கள். இங்கே அந்தத் தடை இல்லை. எங்கள் தொழிலில் சொல்வதானால், சரக்கின் அடக்க விலை என்ன என்பது அன்றுதான் உலகத்துக்கு வெளிச்சமாயிற்று.

2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாக மருந்து தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டது. எனவே புது மருந்து ஒவ்வொன்றுக்கும் பழைய கேள்வி மறுபடி எழுகிறது. லெனாகாபாவிருக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். வருமானம் குறைந்த 120 நாடுகளுக்கு மலிவாகச் செய்ய, 2024-இல் ஆறு கம்பெனிகளுக்கு உரிமம் தரப்பட்டது. அவற்றில் இந்தியக் கம்பெனிகளும் உண்டு. 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ இரண்டின் பெயரிலும் 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 28,000 எங்கே, 40 எங்கே! பெட்டியின் வடிவத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

முடிவுரை

1983-இல் ஒரு நொதியில் தொடங்கிய அறிவு, முளை, கத்தரி, தையல், பெட்டி என்று எல்லா உறுப்பையும் தொட்டுவிட்டது. இவற்றில் நான்கைந்து புரதங்களுக்கு மருந்து உண்டு. இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் தரும் மாத்திரையில் ஆர்.டி.யைத் தடுக்கும் மருந்து இரண்டும், இன்டெக்ரேஸைத் தடுக்கும் டோலுடிகிராவிரும் சேர்ந்தே இருக்கின்றன. தினம் ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் நச்சுயிரி சோதனைக்குத் தென்படாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்திருந்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலமாகவும் தொற்றாது என்று பெரிய ஆய்வுகள் நிறுவிவிட்டன. வேலையிலும் பள்ளியிலும் வீட்டு வாடகையிலும் இவர்களை ஒதுக்குவது கூடாது என்று 2017-இல் சட்டம் இயற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழகத்தில் சோதனைக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர்.

சட்டம் இருந்தும் பயம் போகவில்லை என்பதை அன்றாடம் பார்க்கிறோம். பயத்துக்கு மருந்து, மேலே சொன்ன உடற்கூறுதான். இந்த நச்சுயிரியின் போர்வை வெறும் கொழுப்பு. சோப்புத் தண்ணீரில் கரைந்துவிடும். அதன் முளை சி.டி.4 கிடைத்தால்தான் பற்றும். தோலின் மேற்பரப்பிலோ, தட்டிலோ, டம்ளரிலோ அது கிடையாது. ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதால் தொற்றச் செய்யும் வழி அதன் பதினைந்து புரதங்களில் ஒன்றுக்கும் தெரியாது. இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடையில் வேலை செய்யும் பையன்களுக்கும் தமிழில் எடுத்துச் சொல்வது சங்கத்தில் இருக்கும் நம் எல்லார்க்கும் உரிய பொறுப்பு. அதற்கு இக்கட்டுரை சிறிது உதவினால் மகிழ்வேன்.